நீளும் கை

கையெட்டும் தூரத்தில் வித்தை காட்டுகிறவனுக்கு வாய்க்கக்கூடிய நேர்மையான விமர்சகன், பாதியில் கையை நீட்டிச் சாமானைப் பிடுங்குகிறவன்தான். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள், அல்லது மரியாதைக்குப் புருவத்தை உயர்த்துகிறார்கள். இவன் ஒருவன்தான் தன் சந்தேகத்தை விரல் நுனிக்குக் கொண்டுவருகிறான். சீட்டைப் புரட்டுகிறான், மூடிய கையைப் பிரிக்கப் பார்க்கிறான், செப்பைக் கவிழ்க்கிறான். இவனை எப்படிச் சமாளிப்பது என்பது அந்தத் தொழிலின் நிரந்தரப் பிரச்னை. எனக்கு அது தொழில் இல்லை. வங்கியில் குமாஸ்தா, விடுமுறை மாலைகளில் நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சீட்டுக்கட்டு, நான்கு நாணயம், மூன்று செப்பு, அவ்வளவே. ஆனால் பகலில் கவுண்டரிலும் மாலையில் மேஜையிலும் என் எதிரே நீள்பவை கைகள்தாம். பன்னிரண்டு வருஷங்களில் அவற்றைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் சேர்ந்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் குளோஸ்-அப் மேஜிக் என்கிற இந்த வகைக்கும் மேடை வித்தைக்கும் உள்ள வித்தியாசம் தூரம்தான். மேடையில் பி.சி. சர்க்காருக்கு (1913-1971) விளக்கும் திரையும் வாத்தியமும் காவல். மேஜையில் இருப்பது ஒன்றரை முழ இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பது பார்வையாளனின் நாகரிகம் ஒன்றே. தன் கையை மடியில் வைத்திருப்பதன் மூலம் வித்தையில் பாதியை அவன் செய்துகொடுக்கிறான். இது பழைய ஒப்பந்தம். முதல் நூற்றாண்டில் செனகா லூசிலியஸுக்கு எழுதிய நாற்பத்தைந்தாவது கடிதத்தில் கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் வைத்துக் காட்டும் வித்தையைக் குறிப்பிடுகிறார். ஏமாற்றப்படுவதே அங்கே அவருக்கு இன்பம். எப்படி என்று தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்கிறார். நம் ஊர்ச் செப்பிடு வித்தையும் இதே பொருள்தான். சாமான்களில் இரண்டாயிரம் வருஷங்களில் பெரிய மாறுதல் ஏதும் இல்லை.

கை எப்போது நீள்கிறது? என் அனுபவத்தில் இரண்டு தருணங்கள். முதலாவது, வித்தைக்காரனே அழைக்கும் தருணம். 'நன்றாகப் பாருங்கள், கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம்' என்று ஆரம்பிக்கிறவன் ஒரு பந்தயத்தை அறிவித்துவிடுகிறான். பந்தயம் என்றானபின் எதிராளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டாவது, என்ன செய்வது என்று யாரும் சொல்லாத மௌனம். சாமான் மேஜை நடுவில் கிடக்கிறது, வித்தைக்காரன் எதையோ யோசிக்கிறான். அந்த வெற்றிடத்தை ஏதேனும் ஒரு கை நிரப்பத்தான் செய்யும். ஆகவே உபாயங்களும் எளியவை. சவால் தொனியை விட்டுவிடுவது. துறுதுறுவென்று இருக்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாமானை அவருக்கு எட்டாத மறுபக்கம் வைப்பது. சீட்டைப் பிரிக்க, நாணயத்தைப் பிடித்துக்கொள்ள என்று அவர் கைக்கு வேலை கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கணத்தில் பிடுங்கினாலும் ஒன்றும் அகப்படாத கணங்களை வித்தைக்குள் நிறைய வைத்திருப்பது. அந்தக் கணங்களில் நாமாகவே எடுத்துப் பார்க்கச் சொல்வது. ஒருமுறை தாராளமாகச் சோதித்த கை அடுத்தமுறை அவசரப்படுவதில்லை.

1922இல் சிகாகோவில் டாய் வெர்னான் செய்தது இதன் உச்சம் எனலாம். எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பறைசாற்றியிருந்த ஹூடினியிடம், ஒரு சீட்டில் அவர் பெயரின் முதலெழுத்துக்களை எழுதச் சொன்னார் வெர்னான். அந்தச் சீட்டை மேலிருந்து இரண்டாவதாக வைத்தார். அது மேலே வந்து நின்றது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் வந்தது. ஹூடினியால் சொல்ல முடியவில்லை. சந்தேகிக்கிறவனின் கையில் பேனாவைக் கொடுத்து, சீட்டை அவனுக்கே சொந்தமாக்கியதுதான் இதில் என்னைக் கவர்கிறது. தன் கையெழுத்து உள்ள சீட்டை எவனும் பிடுங்கவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், பிடுங்கும் கைகள் எல்லாம் ஒரே எடை உள்ளவையாக இருந்தால். அவை அப்படி இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஊர் வாரச்சந்தையில் ஒரு வித்தைக்காரர் வட்டம் போட்டார். உடுக்கை, மரச்செப்பு மூன்று, துணி உருண்டைகள், கூட ஒரு பையன். 'கையைக் கட்டாதே, கட்டினா வித்தை கெட்டுப்போகும். பாதியில நகர்ந்தவன், கோட்டைத் தாண்டிக் கை வச்சவன், ரத்தம் கக்குவான்.' நாங்கள் சிறுவர்கள் எச்சிலை விழுங்கக்கூடப் பயந்து நின்றோம். தமிழ்நாட்டில் பலருக்கும் இந்த மிரட்டல் ஞாபகமிருக்கும். வேலியோ மேஜையோ இல்லாதவன், சாக்கட்டியால் போட்ட ஒரு கோட்டுக்கு உயிர் கொடுக்கக் கையாண்ட உபாயம் அது. சாபம்தான் அவனுடைய திரைச்சீலை.

அன்று ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் வழியில் நின்றார். கொஞ்சநேரம் பார்த்தார். கோட்டைத் தாண்டி வந்து, நடுச்செப்பைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டார். அடியில் ஒன்றுமில்லை. சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ரத்தம் கக்கும் சாபத்துக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. வித்தைக்காரர் எழுந்து, துண்டை இடுப்புக்கு இறக்கி, 'எல்லாம் ஒரு சாண் வயித்துக்குத்தான் ஐயா' என்றார். பையன் செப்பை எடுத்துத் துடைத்தான். சாபம் யார்மேல் செல்லுபடியாகும், யார்மேல் ஆகாது என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அவமானமாக மட்டும் பட்டது. பின்னால் ராபேர்-ஊதேனைப் (1805-1871) படித்தபோதுதான் அந்தக் காட்சியின் மறுபக்கம் புலப்பட்டது. நவீன மாயவித்தையின் தந்தை என்று கொண்டாடப்படும் இந்தப் பிரெஞ்சுக்காரரை 1856இல் அவருடைய அரசாங்கம் அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூத்துகள் என்ற சமயப் பெரியவர்களின் செல்வாக்கை உடைத்து, பிரெஞ்சு வித்தையே மேல் என்று காட்டவேண்டும் என்பது உத்தேசம். பாரிஸ் அரங்கில் நூதன வேடிக்கையாக இருந்த பெட்டி ஒன்றை எடுத்துப்போனார். அடியில் மின்காந்தம் வேலை செய்யும்போது அது மேடையைவிட்டு அசையாது. பலசாலி அரபு ஒருவரை அழைத்து, முதலில் தூக்கவிட்டு, பிறகு 'உன் பலத்தை எடுத்துவிட்டேன்' என்றார். அந்த மனிதர் மூச்சுப்பிடித்துப் பெட்டியை இழுத்தார். அப்போது கைப்பிடியில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது. அவர் மண்டியிட்டு விழுந்து, அரங்கைவிட்டே ஓடினார். இதைத் தம் நினைவுக்குறிப்புகளில் ஊதேனே பெருமையாக எழுதியிருக்கிறார். சாமானைப் பற்றிய கைக்கு இதைவிட முழுமையான பதில் வித்தையின் சரித்திரத்தில் இராது. இதைவிட அசிங்கமானதும் இராது. சந்தைக்காரர் வாயால் சொன்ன சாபத்தை இங்கே ராஜாங்கம் கம்பி வழியாக நிறைவேற்றிக்கொடுத்தது. அவர் பின்னால் யாருமில்லை. இவர் பின்னால் ஒரு படை.

கை நீள்வதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. 1584இல் ரெஜினால்ட் ஸ்காட், சூனியக்காரர் என்று மனிதர்களைக் கொன்றுவந்த காலத்தில், செப்பு வித்தை முதலானவற்றின் சூட்சுமத்தை அச்சிட்டு வெளியிட்டார். இதெல்லாம் கைத்திறன், பேயின் வேலை இல்லை என்று காட்டுவது உயிர்ப் பிரச்னையாக இருந்தது. நம் காலத்துக்கு அருகில், கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898-1978) அற்புதம் செய்வதாகச் சொன்ன சாமியார்களின் முன் நீட்டியதும் இந்தக் கைதான். உண்மை என்று விற்கப்படுகிற இடத்தில் செப்பைத் தூக்கிப் பார்ப்பது தார்மீகக் கடமை. ஆனால் வித்தை என்று சொல்லியே காட்டுகிறவனின் செப்பைக் காலால் தள்ளுவதில் அம்பலப்பட என்ன இருக்கிறது? அந்தக் கால் தேடியது உண்மையை இல்லை. தான் யார் என்பதை ஊருக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தியது. சாமியாரிடம் அதே கால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றிருக்கும்.

சட்டமும் இந்த ஜாதிக் கைதான். 1959ஆம் வருஷத்துப் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பாட்டு, ஆட்டம், குறி, வேடிக்கை என்ற எந்தப் பாவனையில் பொது இடத்தில் காசு கேட்டாலும் அதைப் பிச்சை என்றே கணக்கெடுத்தது. தில்லிக்கும் நீட்டிக்கப்பட்ட அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. அதற்கு முந்தைய வருஷமே, தெருவித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் தலைமுறைகளாக வாழ்ந்த தில்லி கட்புத்லி காலனி இடிக்கப்பட்டுவிட்டது. மேஜை வித்தைக்காரன், பிடுங்கும் விருந்தாளியைப் பற்றிக் குறைப்படும்போது இந்த விகிதாசாரத்தை மறக்கலாகாது.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். நம் புதுக்கவிதைச் சூழலிலும் சாக்கட்டிக் கோடு உண்டு. 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கை நீட்டும் வாசகனிடம், உனக்குப் பயிற்சி போதாது, ரசனை போதாது என்று சொல்லி விரட்டுகிறோமே, அது ரத்தம் கக்கும் சாபத்தின் படித்த வடிவம். பெரிய இடத்து வாசகர் காலால் தள்ளும்போது அதே கவிஞர் துண்டை இறக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். கை நீட்டியதும் உதிர்ந்துவிடும் கவிதைக்குத்தான் கோடு தேவை. நல்ல கவிதையைப் பிரித்துப் பார்க்கட்டும். வெர்னானின் சீட்டைப்போல அது மறுபடியும் மேலே வந்து நிற்கும்.

பிடுங்குகிறவனுக்காகத் தயாரித்த பரிகாச வாக்கியங்களைச் சில வித்தைக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் சிரிக்கும், அவன் கூசிப் பின்வாங்குவான். நான் அவற்றை உபயோகிப்பதில்லை. குழந்தை பிடுங்குவது ஆசையால். பெரியவர் பிடுங்குவது பலர்முன் முட்டாளாகிவிடுவோமோ என்ற பயத்தால். அந்தப் பயத்தை மெய்ப்பித்துக் காட்டுவதில் என்ன கலை?

சில வருஷங்களுக்குமுன் எங்கள் கிளையில் ஒருவர் ஓய்வுபெற்ற நாளில் என்னை வித்தை காட்டச் சொன்னார்கள். அதிகாரி ஒருவர் மூன்று தடவை சீட்டுக்கட்டைப் பிடுங்கினார். மூன்று தடவையும் கொடுத்துவிட்டேன்; அதில் ஒன்றுமில்லை. வாசலருகே, கிளையைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணி டீத் தம்ளர்களோடு நின்றிருந்தார். 'அக்கா, கையை நீட்டுங்க' என்றேன். 'நான் எதுக்கு சார், கை ஈரமா இருக்கு' என்றவர், எல்லோரும் சொன்னபிறகு முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நீட்டினார். உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து விரல்களை மூடினேன். இந்த வித்தையைத் தொடாமல் செய்ய முடியாது. நம் ஊரில் சில கைகளுக்குக் காசு மேலிருந்து போடப்பட்டே பழக்கம் என்பது கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். 'திறங்க' என்றேன். இரண்டு நாணயம்.

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. 'ஒண்ணுதான சார் குடுத்தீங்க. இன்னொண்ணு நான் எடுக்கலை' என்று இரண்டையும் மேஜையில் வைத்துக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கூடம் சிரித்தது. கையில் கணக்கில்லாத ஒன்று தோன்றினால் அது அற்புதம் என்று எடுத்துக்கொள்ள ஒருவருக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்போது பட்டது. பிடுங்குகிறவரைச் சமாளிக்க உபாயங்கள் ஏராளம். பின்வாங்கும் இந்தக் கையைப் பற்றி நான் படித்த எந்த வித்தைப் புத்தகத்திலும் ஒரு பத்தி இல்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் செப்பையும் உருண்டையையும் அவரிடம் கொடுத்து, நான் திரும்பிக்கொள்கிறேன், நீங்கள் ஒளித்துவையுங்கள் என்றேன். சாப்பாட்டறையில் எங்களைத் தவிர யாருமில்லை. முதல் தடவை இடப்பக்கத்தைக் காட்டினேன், இல்லை. இரண்டாவது தடவை நடுவை, இல்லை. மூன்றாவது தடவை என் விரல் வலப்பக்கம் போகும்போதே அவர் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி நடுச்செப்பைத் தூக்கிவிட்டார். 'இங்க இருக்கு சார்.'