நாடற்ற மொழி

பல மொழிகளுக்குத் தமக்கென ஒரு நாடு உண்டு. அந்நாட்டின் அரசு அம்மொழிக்கு அரணாக நிற்கும். ஆயினும், தனக்கென நாடும் அரசும் இன்றி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்துவரும் மொழி ஒன்று உண்டு. அதுவே ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி.

அம்மொழி ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் பிறந்தது. அங்குக் குடியேறிய யூதர் அயலாரின் ஜெர்மன் மொழியைப் பேசினர். தம் மறைமொழியாகிய எபிரேயத்தின் சொற்களை அதனோடு கலந்தனர். எபிரேய எழுத்தால், வலமிருந்து இடமாக எழுதினர். 1096-ஆம் ஆண்டில் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் அவ்வாற்றங்கரை யூதர்களைக் கொன்று குவித்தனர். 1348-இல் கொள்ளைநோய் பரவியபோது, யூதரே கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்னும் பழி எழுந்தது; பல ஊர்களில் அவர்கள் எரிக்கப்பட்டனர். எஞ்சியோருள் பலர் கிழக்கே போலந்து, லித்துவேனியா, உக்ரேன் முதலிய நாடுகளை அடைந்தனர். வீட்டையும் ஊரையும் துறந்த அவர்கள் மொழியைத் துறந்தாரில்லர். புதிய அயலாரின் சிலாவியச் சொற்களும் அதில் வந்து சேர்ந்தன.

எபிரேயம் தொழுகைக்கு உரியதாயிற்று. யித்திஷ் தாலாட்டுக்கும் சந்தைக்கும் உரியதாயிற்று. மக்கள் அதனைத் 'தாய்மொழி' என்றே அன்புடன் அழைத்தனர். கற்றோர் சிலர் கொச்சை என்று இகழ்ந்தனர். ஷோலெம் அலைக்கெம் (1859–1916) முதலிய எழுத்தாளர்கள் அக்கொச்சையிலேயே உயர்ந்த இலக்கியம் படைத்து, அவ்விகழ்ச்சியைத் துடைத்தனர். 1925-இல் வில்னா நகரில் யித்திஷ் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றும் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அம்மொழியைப் பேசினோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஆவர்.

1941-இல் ஹிட்லரின் படை வில்னாவைக் கைப்பற்றியது. யூதர்கள் சுவர் சூழ்ந்த ஒரு பகுதியில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் கற்றவர் ஏறத்தாழ 40 பேருக்குக் கொடியதொரு பணி இடப்பட்டது. ஆராய்ச்சிக் கழகத்தின் ஏடுகளைப் பிரித்து, சிலவற்றை ஜெர்மனிக்கு அனுப்பவும், ஏனையவற்றைக் காகித ஆலையில் கூழாக்கவும் உதவுவதே அப்பணி. அக்குழுவில் ஆபிரகாம் சுட்ஸ்கெவர் என்னும் கவிஞரும் இருந்தார். அவரும் தோழரும் அரிய ஏடுகளை ஆடைக்குள் மறைத்து, காவலரைக் கடந்து எடுத்து வந்து, நிலவறைகளில் புதைத்தனர். அகப்பட்டால் உயிர் போகும். பிறர் உணவைக் கடத்திவரும் பசிக்காலத்தில் இவர்கள் தாளைக் கடத்துவது கண்டு, 'பித்தர்' என்றனர் சிலர்.

1944-இல் நகரம் மீட்கப்பட்டதும் சுட்ஸ்கெவர் திரும்பி வந்தார். தோழருள் பெரும்பாலோர் மாண்டிருந்தனர். புதைத்த ஏடுகளுள் பல கிடைத்தன. பின்னர் சோவியத் ஆட்சியில் அவற்றுக்கு மீண்டும் இடையூறு நேர்ந்தபோது, அந்தானாஸ் உல்பிஸ் என்னும் லித்துவேனிய நூலகர் மாதாகோவில் ஒன்றில் அவற்றை மறைத்துக் காத்தார். அவர் யூதரல்லர், அம்மொழியைத் தம் தாயிடம் கற்றவருமல்லர்.

ஏடுகள் பிழைத்தன, பேசியவர்களோ மாண்டனர். போரில் கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதருள் மிகப் பலர் யித்திஷ் பேசியவர்கள். எஞ்சியோரின் மக்கள் அமெரிக்காவில் ஆங்கிலத்தையும், இஸ்ரேலில் எபிரேயத்தையும் மேற்கொண்டனர். 1978-இல் யித்திஷ் எழுத்தாளராகிய ஐசக் பஷேவிஸ் சிங்கர் நோபல் பரிசு பெற்றார். எனினும், பரிசு மட்டும் ஒரு மொழியை வாழ்விக்க வல்லதோ?

அம்மொழியை இன்று பெரிதும் வாழ்விப்பவர் பழைய சமய ஒழுக்கம் பிறழாத ஹசீதிய யூதர்களே. நியூயார்க்கின் புரூக்லின் பகுதியிலும், ஜெருசலத்திலும், ஆண்ட்வெர்ப் நகரிலும் அவர்தம் குழந்தைகள் தெருவில் விளையாடும்போது யித்திஷிலேயே கூவி அழைக்கின்றனர். உயிரைப் பணயம் வைத்து அறிஞர் காத்த ஏடுகள் பேழையில் உள்ளன. ஆயிரம் ஆண்டு மொழியோ அச்சிறுவர் நாவில் உலவுகின்றது. மொழிக்கு ஏடும் வேண்டும். அதனினும் முதலாக, அதனைப் பேசும் இளநாவு வேண்டும்.