கிணற்றுக்கட்டும் மூன்று கொப்பிகளும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, யான் பெற்றதைக் கூறுவதிலும் இழந்ததைக் கூறுதலே இளைய மாணவர்க்குப் பயன் தருமெனத் துணிந்தேன்.

தெல்லிப்பழையில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கும் மாரி மழைநீரே எமது செல்வம். அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். இதனை ஆராயும் ஆர்வத்தால், பல்கலைக்கழக மாணவனாயிருந்த யான், 1986ஆம் ஆண்டு முதல் எமதூர்க் கிணறுகள் ஆறின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து மூன்று கொப்பிகளில் எழுதிவந்தேன்.

கல்லூரியில் எமக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் முதற் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, எங்கிருந்து அளந்தீர்? கட்டின் விளிம்பிலிருந்தா, நிலத்திலிருந்தா? உமக்குத் தெரியும், நாளை படிப்பவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிரதியொன்று எழுதி வேறூரில் வைக்குமாறும் பணித்தார். அவர் சொல்லைத் தட்டமாட்டாமல், எம்வீட்டுக் கிணற்றுக்கு மட்டும், "கட்டின் விளிம்பிலிருந்து, கட்டின் உயரம் 2 அடி 3 அங்குலம்" எனக் குறித்தேன். முதலிரு கொப்பிகளைப் பிரதிசெய்து கண்டியிலிருந்த நண்பரிடம் ஒப்படைத்தேன். ஏனையவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென விட்டேன்.

1990 ஆனியில் ஊரே இடம்பெயர்ந்தது. உறுதிகளையும் நகைகளையும் எடுத்தோம். கொப்பிகள் பெட்டகத்துள் கிடந்தன. போர் முடிந்தபின் மீண்டபோது கூரையும் இல்லை, பெட்டகமும் இல்லை. நண்பரிடமிருந்த பிரதிகள் மட்டுமே தப்பின. அவற்றைக் கையிற்கொண்டு கிணறுகளைத் தேடிச்சென்றேன். கட்டுகள் யாவும் இடிந்திருந்தன! ஐந்து கிணறுகளின் எண்கள் எங்கிருந்து அளந்தவை என்பதை அளந்த எனக்கே கூற இயலவில்லை. ஆசிரியர் சொற்படி குறித்த ஒரு கிணறே இன்றைய அளவோடு ஒப்பிடத் தக்கதாயிற்று.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. தெல்லிப்பழை மிசன் பாடசாலையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, பல்வேறிடங்களிற் சிதறிக்கிடந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். பிரதிகள் பலவிடத்தில் இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவேயில்லை.

இன்று எம் மாணவர் கொப்பிக்குப் பதிலாகக் கணினியில் எழுதுகின்றனர். எனினும் விதி ஒன்றே. பிரதிகள் மூன்று இருக்கட்டும். அவை ஒரேவகைக் கருவியில் இராமல் ஒன்றேனும் வேறூரில் இருக்கட்டும். எதனை, எங்கு, எக்கருவியால், எவ்வலகில் அளந்தீர் என்பதை அன்றன்றே எழுதுக. மனிதரைப் பற்றிய ஆய்வாயின், அவர்தம் பெயர்களைத் தனியே பூட்டி வைக்குக. ஆய்வு முடிந்ததும் யாவற்றையும் ஒரு நூலகத்திற் சேர்ப்பிக்குக. ஆண்டுக்கொருமுறையேனும் திறந்து பார்க்குக.

இடிந்த கட்டை மீண்டும் கட்டிவிட்டேன். அதன் உயரத்தைச் சீமெந்திற் பொறித்திருக்கிறேன். அதனைக் காண என் ஆசிரியர் இன்றில்லை.