முப்பது நோன்பு

அந்த ரமழானில் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தேன். "உங்கட மகளுக்குக் கழா இல்லையா?" என்று சோனகதெருப் பெண்கள் உம்மாவைக் கேட்டார்கள். ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. தாடையில் மயிர் வேறு. 1990 வெளியேற்றத்தின் பின் குடித்த புத்தளத்து உப்புத் தண்ணீர்மேல் பழிபோட்டார் உம்மா.

டொக்டர் ஸ்கேன் பார்த்து, சூலகத்தில் நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்றார். உண்மையில் அவை கட்டிகளல்ல. ஹோர்மோன் கோளாறினால் முதிராமல் நின்ற முட்டைப் பைகள். உடம்பைக் குறைக்கச் சொன்னவர் மனதைப் பற்றிக் கேட்கவில்லை. இந்நோயுள்ள எல்லாப் பெண்களிடமும் மனச்சோர்வு, பதற்றம் உண்டா என விசாரிக்க வேண்டுமென்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி.

என்னிடம் கேட்டது உம்மாதான், ஒரு ஸஹர் நேரத்தில்: "ராவில ஏன் மகள் அழுறாய்?"

பிளேட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முதன்முதலாகச் சொன்னேன்.