பின் சீட்டு

அப்பாவின் டிவிஎஸ் 50 ஏழு வருடமாக எங்கள் ஆட்டுக்கொட்டகையில் நின்றது. சீட்டின் மேல் கோழி அடைந்தது. தக்காளிப் பெட்டி கட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து அய்யலூர் சந்தைக்கு அவர் போய்வந்த வண்டி. "பழைய இரும்புக்குப் போட்டுரலாம்" என்றார் அண்ணன். "ஒரு மாசம் பொறுங்கண்ணே" என்றேன். எனக்கு அப்போது ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது.

1980-ல் ஓசூரிலிருந்து இந்த வண்டி வந்தபோது அதன் பெருமையே இரண்டு பேர் உட்காரலாம் என்பதுதான். இந்தியாவில் அப்படி வந்த முதல் மொபெட். யார் முன்னால், யார் பின்னால் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அம்மா பின்னால் உட்கார்ந்தார், மடியில் கூடையோடு.

முதலில் ப்ளக்கைக் கழற்றினேன். கரி அப்பியிருந்தது. உப்புத்தாளில் தேய்த்து, ஒயரில் மாட்டி, இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு பெடலை மிதித்தேன். நீலமாக ஒரு பொறி. கரண்ட் வருகிறது, வராதது பெட்ரோல். டேங்கைக் கவிழ்த்தால் துருவோடு வார்னிஷ் நாற்றம். கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய சேலையில் வரிசையாக வைத்தேன். ஜெட்டின் ஊசித்துளை பிசின்போல் அடைத்திருந்தது. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் குத்தினேன். துளை வழியே வெளிச்சம் தெரிந்தது.

புது பெட்ரோலை ஊற்றப் போனேன்.

"ஏத்தா, ஆயில் கலந்தியா? கலக்காம ஊத்துனா பிஸ்டன் புடிச்சுக்கும்."

அம்மா. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. எனக்கு அது தெரியாது. அவர் நிறுத்தவில்லை: "மொதல்ல சோக்க இழு. புடிச்சதும் விட்டுரு. இல்லைன்னா ப்ளக்கு நனைஞ்சுரும்." ஒவ்வொரு ரிப்பேருக்கும் டார்ச் பிடித்துப் பிடித்தே முழு வண்டியையும் கற்று வைத்திருந்தார். ஹேண்டில்பாரை மட்டும் தொட்டதில்லை.

"ஏம்மா ஓட்டிப் பழகல?"

"யாரு கேட்டா?"

1990-களின் தொடக்கத்தில், திருச்சியைத் தாண்டி இருக்கும் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஊர் கேலி பேசியும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி மிதித்தார்கள். அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். அதே வருடங்களில்தான் அம்மா கல்யாணமாகி இந்தப் பின் சீட்டில் ஏறினார்.

பதினோராவது மிதியில் வண்டி வெள்ளைப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. கோழிகள் பறந்தன. சத்தம் கேட்டு வந்த அண்ணன், "பரவால்லையே! நாளையிலேருந்து நான் எடுத்துக்கறேன்" என்றார்.

ஆர்சி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 15 வருடம் கடந்த வண்டி என்பதால் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் அண்ணன் பேனாவை வைத்தார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "எம்பேர எழுது."

எங்கள் இருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம். நான் அன்றே போட்டுவிட்டேன். அண்ணன் மூன்று வாரமாக யோசிக்கிறார். படிவம் டிவி மேல் கிடக்கிறது. தினமும் காலையில் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, தானே மிதித்து ஸ்டார்ட் செய்கிறார்.

"சும்மா நின்னா திரும்ப அடைச்சுக்கும்த்தா."