குழியில் நிற்கும் தண்ணீர்

அரியலூர்க்காரருக்குக் குளமும் பூங்காவும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கொள்ளிடம் தாண்ட வேண்டும். கீழப்பழுவூர், திருமானூர், திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா. எங்கள் காலத்துப் பள்ளிச் சுற்றுலாவில் கோயிலுக்கு ஒதுக்கியதைவிட அந்தப் பூங்காவுக்கு ஒதுக்கிய நேரம்தான் அதிகம். நந்தி எவ்வளவு பெரிசு என்று கேட்டால் முழிக்கும் பிள்ளைகள் குட்டி ரயிலில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்வார்கள்.

1871-72இல் நகராட்சி உண்டாக்கிய பூங்கா அது. குளம் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. அந்தக் குளத்தின் சாமர்த்தியமெல்லாம் மண்ணுக்கடியில் இருந்தது. நாயக்கர் காலத்தில் சேவப்பனேரியில் மழைநீரைத் தேக்கித் தெளியவிட்டு, தரைக்கடிக் குழாய் வழியே சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் அய்யன் குளத்துக்கும் தண்ணீர் போயிற்று. ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். பூங்காவில் நடந்து போகிற யாருக்கும் அது தெரியாது. ஆனால் குளம் நிறைந்தது அதனால்தான்.

பிற்பாடு பொலிவுறு நகரத் திட்டத்தில் சீரமைக்கிறோம் என்று பூங்காவைச் சில ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் எந்த ஊரிலும் நீர்நிலைப் பூங்கா என்றால் ஒரே மாதிரிதான்: சுற்றிலும் பேவர் பிளாக், ஆளுயரக் கம்பிவேலி, செல்ஃபி எடுக்க ‘ஐ லவ்’ போட்டு ஊர்ப்பெயர். வரத்து வாய்க்கால் எங்கே என்று கேட்டால் ஒப்பந்ததாரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இத்தனைக்கும் ஏரி வெட்டுவதில் நம் மாவட்டத்துக்கு ஆயிரம் வருஷத்து அனுபவம் உண்டு. கங்கைவரை படை அனுப்பிய ராஜேந்திரன், அந்த வெற்றிக்கு நட்ட தூண் தண்ணீரால் ஆனது என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அதுதான் சோழகங்கம், ஊர்வழக்கில் பொன்னேரி. கரையின் நீளம் பதினாறு மைல் என்பார்கள். 2025 ஜூலையில் அதைத் தூர்வாரிச் சீரமைக்க 12 கோடி ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது; அதே மாதம் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரும் கங்கைகொண்ட சோழபுரம் வந்து போனார். பணம் வரட்டும், நல்லதுதான். ஆனால் முதல் ரூபாய் வாய்க்காலுக்குப் போக வேண்டும், கடைசி ரூபாய் நடைபாதைக்குப் போகட்டும். வரிசை மாறினால் வறண்ட ஏரிக்கு அழகான கரை கிடைக்கும்.

ஏரிகள் இப்படியிருக்க, யாரும் கேட்காத குளங்கள் அரியலூரைச் சுற்றிப் பெருகிக்கொண்டே வருகின்றன. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழிகள்தான். அடுக்கடுக்காக வெட்டி இறங்கியிருப்பார்கள். அடியில் மழைநீரும் ஊற்றும் சேர்ந்து பால் கலந்த பச்சையில் தண்ணீர் நிற்கும். வெட்டுமுகத்தில் விரலை ஓட்டினால் சிப்பி தட்டுப்படும். இந்த ஊர் ஒரு காலத்தில் கடலடி. அதற்கென்றே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கடல் போன இடத்தில் மறுபடி தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியொரு குழியின் விளிம்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார்.

“தம்பி, அந்தப் பக்கம் போவாதீங்க. கரைன்னு நெனச்சு கால வச்சீங்கன்னா நேரா ஆழந்தான்.”

“ஆடு தண்ணி குடிக்க எங்கங்கய்யா போவும்?”

“ஊட்டுக்குப் போய்த்தான். இதுல எந்த ஆடு எறங்கும்?”

தொரட்டியை ஊன்றிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். கண்ணெதிரே அத்தனை தண்ணீர். ஆடு குடிக்க வீட்டில் குடத்துத் தண்ணீர். கைவிட்ட குவாரிகளில் குளிக்கப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தியோ கோடை விடுமுறை தவறாமல் வருகிறது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல் குவாரிகள் இன்னும் மோசம், சுவர் மாதிரி செங்குத்து.

குழியை என்னதான் செய்வது என்று கைவிரிக்க வேண்டியதில்லை. பாரிஸ் நகரத்தில் ஜிப்சமும் சுண்ணாம்புக்கல்லும் வெட்டித் தீர்ந்து, குப்பை கொட்டும் இடமாகிப் போன குவாரி ஒன்றை 1867இல் பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். பூட் ஷோமோன் என்று பெயர். நடுவில் ஏரி, ஏரி நடுவே வெட்டாமல் விட்ட பாறை, பழைய சுரங்க வாயிலில் ஓர் அருவி. இன்றும் அக்கம்பக்கத்து ஜனங்கள் புல்தரையில் வந்து படுத்துக் கிடக்கிறார்கள். கனடாவின் விக்டோரியா ஊருக்குப் பக்கத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். தங்கள் சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குழி காலியானதும் முதலாளியின் மனைவி ஜென்னி புச்சார்ட் குதிரைவண்டியில் மண் அடித்து நிரப்பித் தோட்டம் போட்டார். 1921இல் அது முடிந்தது. நம்மூரிலும் சில ஆலைகள் குழியை மழைநீர்த் தேக்கமாக வைத்திருக்கின்றன. அது ஆலைக்கு உதவும். ஊருக்கு உதவ, ஒரு பக்கமாவது சரிவாக்கிப் படி கட்ட வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் (2017) படி, கல் எடுத்து முடித்த பிறகு சுரங்கத்தை எப்படி மூடுவார்கள் என்ற திட்டத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அதற்கு நிதி உத்தரவாதமும் வைக்க வேண்டும். சுரங்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பந்தல் போட்டு டீ கொடுப்பார்கள். நம் ஆட்கள் எழுந்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கேட்பார்கள், லாரிப் புழுதியைச் சொல்வார்கள், போர்வெல் வற்றியதைச் சொல்வார்கள். எல்லாம் நியாயம். அடுத்த கூட்டத்தில் உங்கள் கைக்கு மைக் வந்தால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: மூடும் திட்டத்து வரைபடத்தில் எங்கள் ஊர்க் குழிக்கு எந்தப் பக்கம் படி போட்டிருக்கிறீர்கள்? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.