வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்த மாதங்கள்

15 செப்டெம்பர் 2024, ஞாயிறு. வெள்ளவத்தை

இன்று தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. நாடு முழுவதும் 2,849 நிலையங்கள், 323,879 பரீட்சார்த்திகள். தமிழ்மொழி மூலம் எழுதுகிறவர்கள் 79,787 பேர். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி.

விடியவே பம்பலப்பிட்டியில் பரீட்சை நிலையத்து வாசல் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சீருடை, நெற்றியில் திருநீறு, இடப்பக்கம் நெஞ்சில் ஊசியால் குத்திய சுட்டெண். தாய்மார் குனிந்து அந்த ஊசியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். கேட் பூட்டிய பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மதிலோரம் நிழலில் குந்தியிருந்து செபமாலை உருட்டியவர்கள் ஒருபுறம், கந்தசஷ்டி கவசம் சொன்னவர்கள் ஒருபுறம்.

முதற்பகுதியில் 40 கேள்வி, இரண்டாம் பகுதியில் 60, மொத்தம் 200 புள்ளி. வெளியே வந்த பேத்தி கேட்டது ஒன்றுதான்: "அம்மம்மா, இனி ரியூசன் இல்லைத்தானே?" இல்லை என்றேன். காலி வீதியைக் கடக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தாள்.

20 செப்டெம்பர், வெள்ளி

அந்தத் துள்ளல் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. முதற்பகுதிக் கேள்விகள் சில ரியூசன் வகுப்பொன்றில் முன்கூட்டியே கொடுபட்டிருந்தனவாம். மூன்று கேள்விகள் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்னால் பெற்றோர் பதாகை பிடித்து நிற்கிறார்கள். அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் முழுப்புள்ளி கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை. முழுப் பரீட்சையையும் திரும்ப வைக்கவேண்டும் என்பது மற்றக் கோரிக்கை.

எங்கள் தொடர்மாடியின் லிஃப்டுக்குள் ஏறினால் இதே கதைதான். மூன்றாம் மாடித் தாய் திரும்ப வைக்கத்தான் வேண்டும் என்கிறார். நேர்மையாகப் படித்த பிள்ளைக்கு வேறென்ன நியாயம் என்று கேட்கிறார். ஐந்தாம் மாடித் தாய், "என்ரை பிள்ளை இன்னொருக்கால் இருக்கமாட்டாள், அவளாலை ஏலாது" என்று அழுகிறார். இரண்டு பேரும் சொல்வதில் பிழை காண என்னால் முடியவில்லை. களவு செய்தவர்கள் பெரியவர்கள். தண்டனை எது என்று பேசும்போது மட்டும் பத்து வயதுப் பிள்ளைகளின் பெயர் வருகிறது.

1 ஒக்டோபர், செவ்வாய். கொட்டாஞ்சேனை

சிறுவர் தினம். நான் முன்பு படிப்பித்த பாடசாலையில் கூப்பிட்டிருந்தார்கள். 155 பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். ஜம்பட்டா வீதியில் காலை வியாபாரம் களைகட்டியிருந்தது.

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் இதே ஒக்டோபர் 1 இல்தான். அதைக் கொண்டுவந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவே ஒரு புலமைப்பரிசில் பிள்ளை. அம்பலாங்கொடையில் படித்த சிறுவனின் கெட்டித்தனத்தைப் பரிசளிப்பு விழாவொன்றில் கண்ட காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல், புலமைப்பரிசில் கொடுத்துத் தன் பாடசாலைக்கு எடுத்தார். அந்தச் சிறுவன் பின்னாளில் கல்வி அமைச்சராகி, நாடெங்கும் 54 மத்திய கல்லூரிகள் எழ வழிசெய்தார். ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை. தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே படிப்பு, விடுதி, சாப்பாடு. இந்தப் பரீட்சையின் வேர் அது.

விழா முடிந்து வரும்போது ஒரு தகப்பன் ஓடிவந்தார். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. "டீச்சர், ரிசல்ட் எப்ப வருதாம்? திரும்ப எழுதச் சொல்லுவாங்களா? மகன் அந்தப் புத்தகத்த எல்லாம் தம்பிக்குக் குடுத்துட்டான்." அவருக்கு எந்தப் பெரிய பாடசாலையின் பெயரும் வாயில் வரவில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டும் ஏழைப் பிள்ளைக்கு மாதாமாதம் கிடைக்கும் 750 ரூபாய் உதவிப் பணத்தைப் பற்றித்தான் கேட்டார். அந்தக் காசு பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. காலையில் மயூரபதி அம்மன் கோயில். அர்ச்சனைத் தட்டோடு நின்ற வரிசையில் பெறுபேற்றைப் பற்றிப் பேசாதவர் குறைவு. வீட்டுக்கு வந்தால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழைப்பு. வாழ்த்துக்கு அடுத்த வசனமே, "ரிசல்ட் வந்திட்டுதே?" கைபேசியைப் பேத்தியிடம் கொடுக்கச் சொல்லி அவளிடமே கேட்கிறார்கள். இரண்டாவது அழைப்போடு பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னேரம் அவளுடைய மேசையை ஒதுக்கினேன். மாதிரி வினாத்தாள்கள் சணல் கயிற்றால் கட்டிய கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் மகள் எழுதிய புள்ளி: 164, 171, 158. 158 க்குக் கீழே இரண்டு கோடு. 171 தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க மீன்கள். ஒவ்வொரு செதிலாகப் பொறுமையாகக் கீறி நிறம் தீட்டியிருக்கிறாள். அந்தப் பொறுமைக்கு யாரும் புள்ளி போடவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

20 நவம்பர், புதன்

வழக்கு உயர் நீதிமன்றத்தில். பெற்றோர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்கள். தீர்ப்பு வரும்வரை பெறுபேற்றை வெளியிடக்கூடாது என்று இடைக்கால உத்தரவு. விசாரணையில் சிலர் கைதாகியும் இருக்கிறார்கள்.

நீதி கேட்டு வழக்குப் போட்ட பெற்றோரை நான் மதிக்கிறேன். கசிந்த தாளைப் பேசாமல் விழுங்கிக்கொண்டால் அடுத்த வருடமும் கசியும். ஆனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? பழைய புத்தகங்கள் சில வீடுகளில் மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டன. "திரும்ப வைச்சால்?" என்ற பயத்தில் ரியூசனும் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம் என்று மகளிடம் உறுதியாகச் சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

28 நவம்பர், வியாழன்

ஓயாத மழை. கிழக்கிலும் வடக்கிலும் வெள்ளம். தொடங்கி மூன்றே நாளான உயர்தரப் பரீட்சையையும் இடைநிறுத்திவிட்டார்கள். படிப்பித்த காலத்தில் நான் கண்ட ஒன்று நினைவுக்கு வருகிறது: பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை தள்ளிப்போனால் கோபம் வரும், அதைச் சொல்லிக் காட்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கோபப்படத் தெரியாது. வயிற்றுக்குள் குத்துகிறது என்று சொல்லும், சாப்பாட்டைத் தள்ளி வைக்கும், சில பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைக்கும். டொக்டரிடம் கொண்டுபோவதற்கு முன் வீட்டில் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பெற்றோர் ஒருமுறை யோசிக்கவேண்டும்.

31 டிசெம்பர், செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. பரீட்சையை மீண்டும் நடத்தத் தேவையில்லை. கசிந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி. பொறுப்பானவர்கள் இழப்பீடு கட்டவேண்டும் என்றும் உத்தரவு.

தொடர்மாடியில் ஒரு பெருமூச்சு எழுந்தது போலிருந்தது. ஐந்தாம் மாடித் தாய் பால் வாங்கிக்கொண்டு போனார், பாயாசம் வைக்க. மூன்றாம் மாடித் தாய் கதவைத் திறக்கவில்லை. அந்த மூன்றையும் தானே யோசித்துச் சரியாகச் செய்த பிள்ளையின் தாய் அவர். எல்லோருக்கும் கிடைத்த புள்ளி அவருடைய மகனுக்கு ஒன்றும் கூட்டவில்லை. அவருடைய வருத்தமும் நியாயமானதே.

23 ஜனவரி 2025, வியாழன்

பெறுபேறு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தேடியதில் கைபேசியில் பக்கம் திறக்கவே பாடாய்ப் படுத்தியது. மகள் சுட்டெண்ணைப் பிழையாக அடித்து அடித்து அழித்தாள், விரல் அப்படி நடுங்கியது.

பேத்தி மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். பிரபலமான பாடசாலைக்கு அந்தப் புள்ளி போதாது என்பது அடுத்த நிமிடமே எங்களுக்கு விளங்கியது. வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஒன்று, பெரிய பாடசாலைகள் தனித்தனியே கேட்கும் புள்ளி வேறொன்று. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். "நல்லாச் செய்திருக்கிறாய் குஞ்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவளை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பரீட்சைக்குத் தோற்றிய 319,284 பேரில் வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தவர்கள் 51,244. நூற்றுக்குப் பதினாறு பேர். மிச்ச எண்பத்து நான்கு வீடுகளில் இன்று இரவு என்ன பேசுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

25 ஜனவரி, சனி. கொட்டாஞ்சேனை

நாட்டாமையின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, கட்டிலுக்கு மேலே கொச்சிக்கடை அந்தோனியார் படம். மகன் சில புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டிருக்கிறான். "பாஸா பெயிலா டீச்சர்? சரியாச் சொல்லுங்க" என்றார் தகப்பன். தாளுக்கு 35, மொத்தம் 70 எடுத்தாலே பிள்ளை தரம் ஐந்தின் அடைவை எட்டிவிட்டான், உங்கள் மகன் அதைவிட எவ்வளவோ மேலே என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. கடைக்கு ஆளனுப்பிக் கேக் வாங்கி வெட்டச் சொன்னார். பையன் முதல் துண்டைத் தம்பிக்குக் கொடுத்தான்.

ஆனால் அந்த உதவிப் பணம் இவனுக்கு இல்லை. வீட்டில் ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத, மாதிரித்தாள் வாங்கக் காசில்லாத பிள்ளை, ரியூசனிலேயே வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே தாளில் போட்டிபோட்டு, சில புள்ளிகளில் விட்டுவிட்டான். கன்னங்கர இந்த ஏணியைச் சாத்தியது இவனைப் போன்றவனுக்காகத்தான்.

18 பெப்ரவரி, செவ்வாய்

நேற்றைய வரவுசெலவுத் திட்டத்தில் புலமைப்பரிசில் உதவித்தொகையை 750 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். இன்றைய விலைவாசியில் இதுவும் ஒரு சோடிச் சப்பாத்துக்குப் போதாது என்றாலும், கிடைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்தக் குடும்பங்களின் எண்ணிக்கையையும் கூட்டவேண்டும். வறுமையை அளக்கும்போது வெட்டுப்புள்ளியைச் சற்றே இறக்கிப் பார்க்கவேண்டும். நல்ல பாடசாலை என்பது ரோயல் கல்லூரியும் இன்னும் சிலதும் மட்டும் என்ற நிலை மாறாதவரை இந்த ஓட்டமும் ஓயாது. கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்கு ஆய்வுகூடமும் ஆங்கில ஆசிரியரும் வந்தால், பாதிப் பெற்றோர் தாங்களாகவே ரியூசனை நிறுத்துவார்கள்.

அடுத்த பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வரும் நிமிடத்தோடு பிள்ளையின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் காத்திருப்பு முழுக்க எங்களுடையது. அதைப் பெரியவர்களே சுமப்போம். பெறுபேறு வரும்வரை பிள்ளைக்கு முன்னால் புள்ளிக் கதை வேண்டாம். வந்த நாளில், அது எந்தப் புள்ளியாக இருந்தாலும், முதலில் பிள்ளையைக் கட்டிப்பிடியுங்கள்.