காஞ்சியில் ஒரு சிறு இல்லம்

காஞ்சிபுரம் செல்வோர் பெரும்பாலும் கோபுரங்களைக் கண்டு, காந்தி சாலையில் பட்டு வாங்கிக்கொண்டு, மாலைக்குள் ஊர் திரும்பிவிடுவர். நாமும் பலமுறை அப்படித் திரும்பியவர்களே. இம்முறை அறிஞர் அண்ணாவின் இல்லத்தைக் காணவென்றே சென்றோம்.

வழியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் அமர்ந்தோம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழையோடு இழை பிணைப்பது கோர்வை. ஒருவர் குழித்தறியில் அமர, கரைக்கான நாடாவைத் தள்ள அருகே இன்னொருவர் வேண்டும். முற்காலத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. “அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே, ஐயா” என்றார் அப்பெரியவர், நாம் போகுமிடம் அறிந்து.

உண்மைதான். 1909 செப்டம்பர் 15-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, சிற்றன்னை இராசாமணி அம்மையாரிடம் வளர்ந்தவர் அண்ணா. நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்து, பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை பயின்றார். 1953-ல் நெசவாளர் துயருற்றபோது கைத்தறித் துணியைத் தெருவில் கூவி விற்றார். அத்தகையவரைச் சொந்த ஊரே 1962 தேர்தலில் தோற்கடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

இல்லம் சிறியது. படங்களையும் அவர் புழங்கிய பொருள்களையும் பார்த்து நின்றபோது, நம் நினைவுக்கு வந்தது ஒரு சட்டம். புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என்று 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அப்படி மணந்தோரின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்விக்குறியாயிற்று. 1967 மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா, அவ்வாண்டிலேயே அத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தார்; முன்னர் நடந்தவற்றுக்கும் அது பொருந்தியது. எத்தனை தாய்மார்கள் அன்று நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்!

கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதமே அண்ணா யேல் பல்கலைக்கழக அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றார். அவ்வாண்டில் வத்திக்கானில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தபோது, தமக்கென எதுவும் கேட்கவில்லை. கோவா விடுதலைக்குப் போராடி 1955-ல் கைதான மோகன் ரானடே, கோவா விடுபட்ட பின்னரும் போர்ச்சுக்கல் சிறையில் வாடினார். கத்தோலிக்க நாடான போர்ச்சுக்கலிடம் பாப்பரசர் அவருக்காகப் பேச வேண்டும் என்பதே அண்ணாவின் வேண்டுகோள். ரானடே தமிழருமல்லர், கட்சிக்காரருமல்லர்.

இதற்குள் புற்றுநோய் அண்ணாவைப் பற்றியிருந்தது. நியூயார்க்கில் அறுவை செய்தும் பயனில்லை. 1969 ஜனவரியில் ரானடே விடுதலையானார். பிப்ரவரி 3-ல், முதலமைச்சராகி ஈராண்டு நிறையுமுன், தம் 59-ஆம் வயதில் அண்ணா மறைந்தார்.

திரும்பும் வழியில் மீண்டும் அத்தறி வீட்டைக் கடந்தோம். பெரியவரின் மகன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்திருந்தார். சட்டையைக் கூட மாற்றாமல், தந்தையின் அருகே அமர்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.